குழந்தைக்கு ஆன்டிபயாடிக் டிரை சிரப் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. பாப்பாவுக்கு 1 வயது 10 மாதம், எடை 10 கிலோ. காதில் தொற்று என்று டாக்டர் அமாக்சிசிலின் - கிளாவுலனேட் டிரை சிரப்பை (தண்ணீர் ஊற்றிக் கலந்து கொடுக்கும் பவுடர் மருந்து) 5 மில்லி வீதம் காலை, இரவு என 7 நாள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். மெடிக்கலில் 30 மில்லி பாட்டில் ஒன்று கொடுத்தார்கள். பாப்பா பாதியைத் துப்புகிறாள், ஒரு தடவை வாந்தியும் எடுத்தாள். வீட்டு ஸ்பூனில்தான் கொடுக்கிறீர்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா, காய்ச்சல் விட்டால் நிறுத்தலாமா, இப்போது சிரப் என்றாலே பயமாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழந்தைகள் வார்டுக்கு மருந்து கொடுக்கும் மருந்தாளுநராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். துப்புவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் நீங்கள் கேட்காத ஒரு விஷயம்: உங்களிடம் இருக்கும் மருந்து போதாது. வேளைக்கு 5 மில்லி, நாளைக்கு 10 மில்லி. 7 நாளைக்கு 70 மில்லி வேண்டும். 30 மில்லி பாட்டில் மூன்றே நாளில் காலியாகிவிடும். பாட்டில் தீர்ந்ததும் கோர்ஸும் முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடுகிற பெற்றோர்கள் ஏராளம். அதற்குள் காய்ச்சலும் விட்டிருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. இன்றே போய் இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி வையுங்கள். ஆனால் அவற்றில் இப்போது தண்ணீர் ஊற்ற வேண்டாம், பவுடராகவே இருக்கட்டும். முதல் பாட்டில் தீர்ந்த பிறகு அடுத்ததைக் கலக்கினால் போதும்.

வாங்கப் போகும்போது பழைய அட்டைப்பெட்டியையும் டாக்டர் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். காரணம் இருக்கிறது. இந்த மருந்து ஒரே பெயரில், ஒரே நிறப் பெட்டியில், இரண்டு மூன்று வீரியத்தில் வருகிறது. பெட்டியில் 228.5 என்று போட்டிருந்தால், கலக்கிய மருந்து 5 மில்லியில் 200 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 28.5 மில்லிகிராம் கிளாவுலனிக் அமிலமும் இருக்கும். 457 என்று போட்டிருந்தால் அதே 5 மில்லியில் 400-ம் 57-ம். டாக்டர் 228.5-ஐ மனதில் வைத்து 5 மில்லி என்று எழுத, கடையில் இருப்பு இல்லை என்று 457-ஐ எடுத்துக் கொடுத்தால், பாப்பாவுக்கு ஒவ்வொரு வேளையும் இரண்டு மடங்கு போகும். நேர்மாறாக நடந்தால் பாதிதான் போகும், காது குணமாகாது. எனவே எத்தனை மில்லி என்பதை மட்டும் தெரிந்துவைத்துப் பயனில்லை. எந்த வீரியத்தில் அத்தனை மில்லி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு 228.5-ல் 5 மில்லி இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் அமாக்சிசிலின், அதாவது கிலோவுக்கு 40. வழக்கமாகக் கொடுக்கும் அளவுதான். உங்கள் பெட்டியில் 457 என்று இருந்தால் பதற வேண்டாம். ஒன்றிரண்டு வேளை கூடிப்போனால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். காது தொற்றுக்குச் சில டாக்டர்கள் வேண்டுமென்றே கூடுதலாக எழுதுவதும் உண்டு. ஆனால் அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நீங்களாகப் பாதியாக்கவும் வேண்டாம்.

பவுடரைக் கலப்பது எளிய வேலைதான், ஆனால் அதிகம் பேர் தவறுவதும் இதில்தான். முதலில் பாட்டிலை மூடியோடு உள்ளங்கையில் தட்டி, அடியில் கட்டியாக இருக்கும் பவுடரை உதிர்த்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளுக்குள்ளேயே சின்ன பிளாஸ்டிக் குப்பியில் சுத்திகரித்த தண்ணீர் இருக்கும். இருந்தால் அதை முழுக்க ஊற்றினால் வேலை முடிந்தது, அளந்துதான் வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் கொதிக்கவைத்து நன்றாக ஆறவைத்த தண்ணீர். கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்கவைத்தே பயன்படுத்துங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றிவிடாதீர்கள், கிளாவுலனிக் அமிலம் சூடு தாங்காது. பாட்டிலில் அம்புக்குறியோ, கண்ணாடியிலேயே வளையமாக ஒரு கோடோ இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருக்கும். இப்போது கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். ஒரேயடியாகக் கோடு வரை ஊற்றினால் பவுடர் அடியில் ஒட்டிக்கொள்ளும், மட்டமும் சரியாகத் தெரியாது.

கடையிலேயே கலந்து தருகிறோம் என்பார்கள். கூட்ட நேரத்தில் கோட்டைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றிக் கொடுப்பதும் நடக்கிறது. கண் முன்னால் கோடு பார்த்துக் கலக்கினால் சரி, இல்லையென்றால் பவுடராகவே வாங்கி வந்து நீங்களே கலக்குங்கள். கலந்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். பெட்டியில் அச்சிட்ட காலாவதி தேதி பவுடருக்கானது; தண்ணீர் பட்ட பிறகு அந்தத் தேதிக்கு மதிப்பில்லை.

ஃப்ரிட்ஜ் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மருந்துக்குக் கட்டாயம் வேண்டும். கலந்த அமாக்சிசிலின் - கிளாவுலனேட்டை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, இங்கே கிடைக்கும் பெரும்பாலான பாட்டில்களில் சொல்லியிருப்பதுபோல் 7 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. கதவுத் தட்டு திறக்கத் திறக்கச் சூடாகும், பாப்பாவின் கைக்கும் எட்டும். மேல் தட்டில் உள்ளே தள்ளி வையுங்கள். வெள்ளையாக இருந்த மருந்து நன்றாக மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் கெட்டுவிட்டது, கொட்டிவிட வேண்டியதுதான். கரண்ட் ஒன்றிரண்டு மணி நேரம் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே போதும். ஊருக்குப் போவதானால் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில், பாட்டில் ஐஸை நேராகத் தொடாதபடி துணி சுற்றி எடுத்துப் போகலாம். வீட்டில் ஃப்ரிட்ஜே இல்லாதவர்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். குளிர்ச்சி தேவைப்படாத மருந்துகள் உண்டு. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் டிடி மாத்திரைகளும் உண்டு, வேளைக்கு ஒன்று என்று அப்போதைக்கப்போது கரைத்துக்கொள்ளலாம்.

எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் ஃப்ரிட்ஜ் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளாரித்ரோமைசின் சஸ்பென்ஷனை ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டியாகி, கசப்பும் கூடும். அசித்ரோமைசின் வெளியிலேயே இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படிப்பதுதான் வழி.

வீட்டு ஸ்பூனை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு வீட்டு டீஸ்பூனில் 3 மில்லி பிடிக்கும், இன்னொரு வீட்டு ஸ்பூனில் 7 மில்லி பிடிக்கும். இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2015-ல் திரவ மருந்தை மில்லியில் மட்டுமே எழுத வேண்டும், ஸ்பூன் கணக்கே கூடாது என்று சொல்லிவிட்டது. பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடி பரவாயில்லை. சமதளத்தில் வைத்து, குனிந்து கண்ணுக்கு நேராகக் கோட்டைப் பார்க்க வேண்டும். மருந்து கெட்டியாக இருப்பதால் மூடியில் கொஞ்சம் ஒட்டி நிற்கும். அதில் சிறிது தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுத்துவிடுங்கள். பாலாடையில் கொடுக்கிறவர்களுக்கும் இதே யோசனைதான். அளப்பதற்குப் பாலாடை உதவாது, கொடுப்பதற்கு உதவும்.

எனக்குப் பிடித்தது 5 மில்லி சிரிஞ்ச். மெடிக்கலில் புதிதாக ஒன்று கேளுங்கள், ஊசியை அங்கேயே கழற்றிப் போட்டுவிடச் சொல்லுங்கள். முனையில் சின்ன மூடி இருந்தால் அதையும் தூக்கி எறியுங்கள், தொண்டையில் சிக்கக்கூடிய அளவில் இருக்கும். கொஞ்சம் மருந்தைச் சுத்தமான மூடியில் ஊற்றி அதிலிருந்து உறிஞ்சி, குமிழி இருந்தால் மேல்நோக்கிப் பிடித்துத் தட்டி வெளியேற்றிவிட்டு, கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு 5 என்ற கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் பிஸ்டனை வெளியே இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, காயவையுங்கள்.

அளப்பதற்கு முன் ஒவ்வொரு வேளையும் பாட்டிலைக் குலுக்க வேண்டும். இது கரைசல் அல்ல, தண்ணீரில் மிதக்கும் பவுடர். நின்றுகொண்டே இருந்தால் மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் இரண்டு நாள் இனிப்புத் தண்ணீரும் கடைசி நாளில் மொத்த மருந்தும் உள்ளே போகும்.

இன்னொரு ஆபத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், காது வலிக்கு நீங்கள் பாரசிட்டமாலும் கொடுப்பீர்கள். கைக்குழந்தைக்கான பாரசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லியில்தான் 120, 125 அல்லது 250. சொட்டு பாட்டிலோடு வரும் ஃபில்லரும் சிரப்பின் மூடியும் இடம் மாறினால் கதை கெட்டுவிடும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம்தான் தேவை. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். அந்தந்த அளவுகோல் அந்தந்த பாட்டிலோடு இருக்கட்டும்.

இனி, துப்புகிற பாப்பா. நம் வீடுகளில் பாட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால் மேல் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, சங்கில் ஒரே மடக்காக ஊற்றுவார்கள். நாமெல்லாம் அப்படித்தான் குடித்து வளர்ந்தோம் என்றும் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அழுகிற குழந்தை அடுத்த மூச்சைப் பலமாக உள்ளே இழுக்கும். மூக்கும் அடைத்திருந்தால் வாயில் இருப்பது மூச்சுக்குழாய்க்குப் போகும். புரை ஏறுவதோடு நின்றுவிட்டால் அதிர்ஷ்டம், நுரையீரலுக்குள் இறங்கினால் அது வேறு நோய்.

பாப்பாவை மடியில் நிமிர்ந்து உட்காரவையுங்கள், முதுகு உங்கள் மார்பில் சாய்ந்திருக்கட்டும். முரண்டு பிடித்தால் ஒரு துண்டால் கைகளைச் சேர்த்துச் சுற்றிக்கொள்ளலாம், அல்லது வேறொருவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள். சிரிஞ்சின் முனையை நாக்கின் நடுவில் வைக்காமல், கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஓரமாக விடுங்கள். நாக்கின் பின்பக்கம் பட்டால் ஓங்கரிப்பு வரும், உங்கள் பாப்பா வாந்தி எடுத்ததற்கு இது காரணமாக இருக்கலாம். அரை மில்லி, ஒரு மில்லி என்று மெல்லத் தள்ளி, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. 5 மில்லி கொடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், ஆகட்டும். வாய் விட்டு அழும்போது தள்ள வேண்டாம், ஒரு விநாடி நிறுத்தி மூச்சு விடவிடுங்கள்.

இந்த மருந்தின் பழ வாசனைக்குப் பின்னால் ஒரு கசப்பு தங்கும். முடிந்ததும் இரண்டு வாய் தண்ணீரோ தாய்ப்பாலோ கொடுங்கள். ஒரேயடியாக மறுத்தால், மசித்த வாழைப்பழம் ஒரே ஒரு வாய் அளவுக்கு எடுத்து, அதில் கலந்து உடனே ஊட்டலாம். பால் பாட்டிலில் மட்டும் கலக்காதீர்கள்: பாதிப் பாலோடு தூங்கிவிட்டால் எவ்வளவு மருந்து போயிற்று என்று யாருக்கும் தெரியாது, அப்புறம் பாலையே வெறுத்துவிடவும் கூடும். சூடான கஞ்சியிலும் வேண்டாம். தேன் கலப்பது உங்கள் பாப்பாவுக்குப் பரவாயில்லை, ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது, பாட்யூலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும். "மிட்டாய் தண்ணி" என்று ஏமாற்றியும் கொடுக்காதீர்கள். அப்புறம் அவளே தேடிப் போய்ப் பாட்டிலோடு குடிப்பாள்.

சாப்பாடு தொடங்கும்போது கொடுப்பது இந்த மருந்துக்கு நல்லது. வயிற்றுப் புரட்டல் குறையும், கிளாவுலனிக் அமிலமும் சரியாக உறிஞ்சப்படும். காலை 8, இரவு 8 என்று சுமார் 12 மணி நேர இடைவெளி இருந்தால் போதும், கடிகாரத்தைப் பார்த்துத் தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டாம். வீட்டில் இரண்டு பேர் மருந்து கொடுப்பவர்களாக இருந்தால், கொடுத்த உடனே தினசரி காலண்டர் தாளில் டிக் போட்டுவிடுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் ஆயா ஒரு தரம் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் வேண்டாம். மறுபடி கொடுத்ததும் வந்துவிட்டால் டாக்டரைக் கேளுங்கள். வாயோரம் கொஞ்சம் வழிந்ததற்கெல்லாம் ஈடுகட்டத் தேவையில்லை. துப்பியது எவ்வளவு என்று தெரியாதபோது முழு அளவைத் திரும்பக் கொடுக்கவும் கூடாது. ஒரு வேளை மறந்துபோனால், நாலு மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த வேளைக்கு வழக்கமான அளவு. இரண்டு வேளையைச் சேர்த்து ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் மூன்றாம் நாளில் மலம் இளகிப் போகும், தயாராக இருங்கள். இந்த மருந்துக்கு அது சகஜம். நாளைக்கு மூன்று நாலு தடவை இளக்கமாகப் போனால் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி ஓஆர்எஸ், கொஞ்சம் கொஞ்சமாக. 1 லிட்டர் பாக்கெட்டை 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் கொஞ்சம் தூள் என்ற கணக்கு உப்பைக் கூட்டிவிடும். தயிர்ச் சாதம் தாராளமாகக் கொடுக்கலாம். மலத்தில் ரத்தம், தண்ணீராக ஓயாத பேதி, ஆறு எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமை, இவற்றில் எது வந்தாலும் ஆஸ்பத்திரி.

தோலில் வரும் தடிப்பில் இரண்டு விதம் உண்டு. மருந்து கொடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொசுக்கடி போல அரிப்போடு திட்டுத்திட்டாகத் தடித்து, உதடு அல்லது கண் வீங்கி, மூச்சு வாங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்து குழந்தை துவண்டாலோ, அது ஒவ்வாமை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், மருந்தை மறுபடி தொடாதீர்கள். நாலைந்து நாள் கழித்து அரிப்பில்லாமல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் பரவினால் பெரும்பாலும் அவசரம் இல்லை. ஆனாலும் டாக்டரிடம் காட்டி, அது அலர்ஜியா இல்லையா என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "பெனிசிலின் அலர்ஜி" என்ற முத்திரையைச் சும்மா குத்திவிட்டால், வாழ்நாள் முழுக்க அவளுக்கு நல்ல மருந்து ஒன்று கைவிட்டுப் போகும்.

காய்ச்சல் விட்டால் நிறுத்தலாமா என்றால், கூடாது, டாக்டர் சொன்ன 7 நாளும் கொடுங்கள். காய்ச்சல் 48 முதல் 72 மணி நேரத்தில் இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, காதுக்குப் பின்னால் வீங்கிக் காது மடல் முன்னால் தள்ளினாற்போல் தெரிந்தாலோ, குழந்தை எழுப்ப எழுப்பச் சோர்ந்து கிடந்தாலோ, கோர்ஸ் முடியும்வரை காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.

உங்கள் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனைதான் கண்டுபிடித்தது. அந்த நச்சு, மருந்தைக் கரைக்கப் பயன்படும் திரவத்தின் வழியாக வருவது. உங்கள் கையில் இருப்பது உலர்ந்த பவுடர், திரவம் நீங்கள் ஊற்றும் தண்ணீர். அந்த வழி இதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. பயப்பட வேண்டியது வேறு இடத்தில்: சாதாரணச் சளி இருமலுக்கு இரண்டு வயதுக்குக் கீழ் இருமல் மருந்தே எழுத வேண்டாம் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது. அதைக் கேட்டு வாங்காமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

மூன்றாவது பாட்டிலில் 20 மில்லி மிஞ்சும். அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் வீரியம் போய்விடும், அடுத்த காய்ச்சல் வைரஸாகவும் இருக்கலாம். பெட்டியில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதல்லவா, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது, 2016-லிருந்து மத்திய அரசு இதைப் பிரசாரம் செய்கிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் கொடுத்துவிடாதீர்கள். மிஞ்சியதைக் காப்பித்தூள் சக்கையிலோ மண்ணிலோ கலந்து, ஒரு கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். லேபிளைக் கிழித்துவிட்டுப் பாட்டிலைத் தனியே போடுங்கள். கழுவி எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டாம்.